கச்சேரிக்குப் போன கர்நாடகம்: ரா. கிருஷ்ணமூர்த்தியின் இசை, சினிமா எழுத்துப் பணி – ஒரு நிகழ்வு ஆய்வு

‘கல்கி’ என்றதும் பேச்சு ‘பொன்னியின் செல்வன்’ பக்கம் போய்விடும். 1950 அக்டோபரில் அந்தத் தொடர் ஆரம்பித்தபோது, ‘கல்கி’ என்ற புனைபெயரில் எழுதிய ரா. கிருஷ்ணமூர்த்திக்கு வயது 51. பத்திரிகைத் தொழிலில் 27 ஆண்டுகளைக் கடந்திருந்தார். அதற்குள் கச்சேரி விமர்சனம், நாட்டிய விமர்சனம், பேசும்படங்களைப் பிய்த்து உதறும் கட்டுரைகள், திரைக்கதை, இசைத்தட்டுப் பாட்டு, கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் கேட்ட தமிழிசைப் போராட்டம், நிதி திரட்டல் என்று அத்தனையிலும் கை வைத்துவிட்டார். வெகுஜனப் பத்திரிகையில் இசையும் சினிமாவும் எழுதிப் பிழைக்கும் தமிழ் எழுத்தாளர் இன்றைக்குச் சந்திக்கும் சிக்கல்கள் எல்லாமே இந்த ஒரு வாழ்க்கையில் ஏற்கெனவே வந்துபோயிருக்கின்றன.

இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி குறுகியது. ஒருவரே விமர்சகராகவும், அதே துறையில் பாட்டாசிரியராகவும், அந்தத் துறையில் பணம் போட்டவரின் பங்காளியாகவும் இருந்தால், அவர் எழுதியதை எந்த அளவுக்கு நம்பலாம்? அதை எப்படிப் பிரித்துப் படிப்பது?

தொழில் கற்ற இடங்கள்

கிருஷ்ணமூர்த்தி பிறந்தது 1899 செப்டம்பர் 9, மாயவரம் பக்கத்தில் புத்தமங்கலம். திருச்சி நேஷனல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காக விட்டார். மறு வருடம் ஓராண்டுச் சிறை. 1923-இல் திரு.வி.க.வின் ‘நவசக்தி’யில் உதவி ஆசிரியர். பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியுடன், மதுவிலக்குக்கென்றே நடந்த ‘விமோசனம்’ இதழில் வேலை.

இந்த இரண்டு இடமும் அவருக்கு வேறு வேறு பாடம். நவசக்தியில் கிடைத்தது தலையங்க நடையும் மொழிபெயர்ப்புப் பழக்கமும். விமோசனத்தில் கற்றது இன்னும் காரியமானது: எழுதப்படிக்கக் கொஞ்சமே தெரிந்தவருக்கும் புரியவேண்டும், படம் இருக்கவேண்டும், கதை இருக்கவேண்டும், கடைசியில் விஷயம் மனதில் ஏறவேண்டும். பின்னாளில் ராக ஆலாபனையைப் பற்றி எழுதும்போதுகூட ஆசிரமத்தில் படிந்த இந்தக் கைப்பழக்கம் தெரியும்.

எஸ்.எஸ். வாசன் 1928-இல் ‘ஆனந்த விகடனை’ வாங்கினார். கிருஷ்ணமூர்த்தி முதலில் வெளியிலிருந்து கட்டுரை அனுப்பினார். 1930களின் தொடக்கத்தில் உள்ளே வந்து பொறுப்பேற்றார்.

ஆடல் பாடல்

விகடனில் ‘ஆடல் பாடல்’ என்ற பத்தியை ‘கர்நாடகம்’ என்ற பெயரில் எழுதினார். கச்சேரி, நாட்டியம், நாடகம், பேசும்படம் எல்லாவற்றுக்கும் ஒரே பத்தி. இன்று நான்கு பேர் செய்கிற வேலை.

அந்தக் காலத்து இசை விமர்சனம் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, பாடிய உருப்படிகளை ராகம், தாளத்தோடு வரிசையாக அடுக்கி, ‘சபையோர் மகிழ்ந்தனர்’ என்று முடிக்கும் அறிக்கை. மற்றது, லட்சணம், அதாவது இசை இலக்கணம், தெரிந்தவர் லட்சணம் தெரிந்தவருக்கு எழுதுவது. கர்நாடகம் மூன்றாவது வழியைப் பிடித்தார். டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்திருக்கும், ஸ்வரம் பிரிக்கத் தெரியாத, ஆனால் காது நன்றாக இருக்கிற ரசிகரின் இடத்திலிருந்து எழுதினார். எங்கே சொக்கினோம், எங்கே கொட்டாவி வந்தது, சாகித்தியம் (பாட்டின் சொற்கள்) காதில் விழுந்ததா, பக்கவாத்தியம் பாட்டை மூடியதா என்பவைதான் அவர் கேட்ட கேள்விகள். பத்திரிகை வாங்குகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட அந்தக் கச்சேரிக்குப் போயிருக்க மாட்டார் என்ற கணக்கும் இதில் உண்டு. கச்சேரிக்குப் போகாதவர் படித்து ரசிக்கும்படி எழுதினால்தான் பத்தி நிற்கும்.

இந்த வழியில் கிடைக்கும் லாபம் பெரிது, விலையும் பெரிது. நகைச்சுவை நடையில் எழுதிய விமர்சனத்தில் நகைச்சுவை மட்டும் பிழைத்து விமர்சனம் செத்துப்போகும். 1935-இல் கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் என்ற பேச்சோடு வந்த ‘நந்தனார்’ படம் இதற்கு நல்ல உதாரணம். நடிகர்களைவிடப் பனைமரமும் எருமையும் நன்றாக நடித்ததாகக் கல்கி எழுதினார் என்பது தமிழ் சினிமாப் பேச்சில் அடிபட்டு அடிபட்டு வழவழப்பாகிவிட்டது. சொல்கிறவருக்குச் சொல்கிறவர் மிருகமும் மாறுகிறது, வரிசையும் மாறுகிறது. அந்தப் படத்தில் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர் வேதியராக நடித்தார். இரண்டு பெரிய பாடகர்களை வைத்து எடுத்த படத்தில் பாட்டு எப்படி இருந்தது, ஒலிப்பதிவு எப்படி என்ற கேள்விகள் அந்த ஒரு கிண்டலுக்கு அடியில் புதைந்துபோயின. கூர்மையாக எழுதத் தெரிந்த எந்தப் பத்தி எழுத்தாளருக்கும் நேர்வது இது. மேற்கோள் காட்டத் தோதான வாக்கியம், கட்டுரையையே விழுங்கிவிடும்.

நாட்டியத்தில் அவர் வந்து சேர்ந்த நேரம் முக்கியம். 1931-இல் சென்னை மியூசிக் அகாடமி, கல்யாணி புதல்விகள் என்ற நாட்டியச் சகோதரிகளின் ஆட்டத்தை மேடையேற்றியது. 1933-இல் பாலசரஸ்வதி அங்கே ஆடினார். 1936-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். ‘சதிர் கூடாது’ (சதிர் என்பது பரதநாட்டியத்தின் பழைய பெயர்) என்ற குரலும், ‘கலை வேறு, பழக்கம் வேறு’ என்ற குரலும் மோதிக்கொண்ட வருடங்கள். குடும்பப் பத்திரிகை என்று பெயர் வாங்கிய விகடனில் வாரந்தோறும் நாட்டியம் பற்றி எழுதுவதே ஒரு நிலைப்பாடுதான்.

பத்திரிகையும் படமும் ஒரே வண்டியில்

‘தியாகபூமி’ 1939-இல் வெளியானது. கே. சுப்ரமணியம் இயக்கம். பாபநாசம் சிவன், எஸ்.டி. சுப்புலட்சுமி, பேபி சரோஜா நடித்தார்கள். படம் தயாராகும்போதே கல்கி எழுதிய அதன் கதை விகடனில் தொடராக வந்தது. ஓவியரின் படங்கள் இருக்கவேண்டிய இடத்தில் சினிமாவின் ஸ்டில்கள் அச்சாயின. ‘படம் வருகிறது’ என்ற விளம்பரம் தனியாகத் தேவைப்படவில்லை, கதையே அந்த வேலையைச் செய்தது. வாசகர் கதாபாத்திரத்தின் முகத்தை முன்பே பார்த்துப் பழகிவிட்டார். தேச விடுதலை, ஹரிஜன சேவை, பெண்ணின் சுயமரியாதை எல்லாம் கலந்த அந்தப் படத்தைப் பிரிட்டிஷ் அரசு பிற்பாடு தடை செய்தது.

விளம்பர உத்தி என்று பார்த்தால் அபாரம். விமர்சனம் என்று பார்த்தால் முதல் விரிசல் இங்கேதான். சினிமாவை வாராவாரம் நிறுத்துப் பார்க்கும் பத்தி எந்தப் பத்திரிகையில் வருகிறதோ, அதே பத்திரிகையின் கதை, அதே ஆசிரியரின் கதை, படமாகிறது. இதன் பிறகு அந்தப் பத்திரிகை இன்னொரு படத்தைக் குறை சொன்னால், போட்டியாளரின் குறையா, விமர்சகரின் குறையா என்று கேட்க வாசகருக்கு உரிமை வந்துவிட்டது.

1941: பங்காளி

தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை போகும் முடிவோடு விகடனிலிருந்து விலகினார். மூன்று மாதச் சிறைக்குப் பிறகு, 1941 ஆகஸ்டில் டி. சதாசிவத்துடன் சேர்ந்து ‘கல்கி’ இதழைத் தொடங்கினார். சதாசிவமும் விகடனின் விளம்பரப் பிரிவில் இருந்து வந்தவர். முதலீட்டுக்கு வழி செய்தவர் பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி. ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக ஆண் வேடம் போட்டு நடித்து வாங்கிய ஊதியம் பத்திரிகைக்குப் போனது. சதாசிவம்–எம்.எஸ். திருமணம் நடந்தது 1940-இல்.

இந்த ஆய்வின் மையம் இந்தக் கண்ணிதான். ஒரு பாடகியின் சினிமா ஊதியத்தில் பத்திரிகை பிறக்கிறது. பாடகியின் கணவர் பத்திரிகையின் பங்குதாரர். நாட்டின் பேர்பெற்ற இசை விமர்சகர் அதன் ஆசிரியர். 1945-இல் சதாசிவம் தன் சந்திரப்பிரபா சினிடோன் மூலம் ‘மீரா’ எடுக்கிறார். இயக்கம் எல்லிஸ் ஆர். டங்கன், இசை எஸ்.வி. வெங்கட்ராமன். அதில் ‘காற்றினிலே வரும் கீதம்’ பாட்டை எழுதியவர் கல்கி.

இதில் மறைவு எதுவும் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். யாருக்கும் தெரியாத ரகசியப் பேரம் அல்ல இது. வாசகருக்கே தெரிந்த நட்பு. ஆனால் வெளிப்படையாக இருப்பதும் சார்பின்றி இருப்பதும் ஒன்றல்லவே. எம்.எஸ். பற்றி 1941-க்குப் பிறகு ‘கல்கி’ இதழில் வந்த எதையும் விமர்சனச் சான்றாக எடுக்கக் கூடாது, ஒரு குடும்பத்தின் குரலாகத்தான் எடுக்கவேண்டும். எம்.எஸ்.ஸின் கலைக்கு இதனால் ஒரு குறையும் இல்லை, அதை நிறுவ வேறு சாட்சிகள் ஏராளம். குறை நேர்ந்தது கர்நாடகம் என்ற பெயருக்கு. எம்.எஸ்.ஸை அதிகம் கேட்ட விமர்சகர் யாரோ, அவருடைய தீர்ப்பைத்தான் பயன்படுத்த முடியாமல் போயிற்று.

மற்ற வித்வான்கள் பற்றிய எழுத்துக்கு இந்தக் கறை அதே அளவில் படியாது. அங்கேயும் ஒரு வடிகட்டி தேவை: அவர்கள் தமிழிசைச் சண்டையில் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று நிமிடப் பாட்டு

விமர்சகர் பாட்டெழுதப் போனால் முதலில் இடிப்பது நேரம். பத்து அங்குல 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். முன்னிசை, இடையிசை போக வார்த்தைக்கு மிஞ்சுவது இரண்டரை நிமிடம்கூட இருக்காது. பல்லவி, அதையடுத்து இரண்டு அல்லது மூன்று சிறிய சரணம். நீள வாக்கியம் உட்காராது, நெட்டுயிரில் முடியும் சொல் பாடகருக்கு வசதி, வல்லின ஒற்றுகள் அடுத்தடுத்து வந்தால் மைக்கில் உடையும்.

கல்கியின் பாட்டுகள் இந்த அளவுக்குள் சிக்கனமாக அடங்குகின்றன. ‘காற்றினிலே வரும் கீதம்’, திரைக்கு வெளியே எம்.எஸ். பாடிய ‘மாலைப் பொழுதினிலே’ இரண்டையும் எடுத்துப் பார்த்தால் சொற்கள் எளிமை, உயிரோசை தாராளம், சரணத்துக்கு ஒரு காட்சி. கவிதை என்று தாளில் வைத்துப் படித்தால் சாதாரணம்தான். பாடக் கேட்டால்தான் கணக்குப் புரியும். இருபது வருடம் மற்றவர்களின் சாகித்தியம் கச்சேரியில் எங்கே தேய்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்த காது இது.

தமிழிசை: பத்தி கட்சியாகிறது

அண்ணாமலை செட்டியாரின் ஆதரவில் 1941-இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் ஆர்.கே. சண்முகம் செட்டியார் தலைமையில் அமைந்தது. ராஜாஜி, இலக்கிய ரசிகர் டி.கே.சி.யோடு கல்கியும் இந்தப் பக்கம். மியூசிக் அகாடமி வட்டாரம் எதிர்ப் பக்கம்.

சண்டையின் நடைமுறை விஷயம் கச்சேரியின் அடுக்கில் இருந்தது. பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைப்படுத்திய முறையில் வர்ணம், கீர்த்தனைகள், பெரிய உருப்படி, ராகம் தானம் பல்லவி, பிறகு துக்கடா என்னும் சின்ன உருப்படிகள். தமிழ்ப் பாட்டுக்குப் பெரும்பாலும் கடைசிப் பந்தி. கல்கி தரப்பின் கோரிக்கை, தமிழ்ச் சாகித்தியம் நடுக் கச்சேரிக்கு வரவேண்டும், விரிவான ஆலாபனைக்கும், ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவலுக்கும் அது தாங்கும் என்பது. கோபாலகிருஷ்ண பாரதி, அருணாசலக் கவிராயர், பாபநாசம் சிவன் என்று கையில் சரக்கு இருந்தது. இசைக்கு மொழி ஏது என்ற பதில், கேட்க உயர்வாக இருந்தாலும், துக்கடாவுக்கு மட்டும் தமிழ் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்பதற்கு விடை சொல்லவில்லை. கல்கி பிடித்தது அந்த ஓட்டையை.

வாதத்தில் அவர் கை ஓங்கியது. விமர்சகர் என்ற முறையில் கொடுத்த விலை வேறு. பிரசாரம் செய்கிறவர் ‘எத்தனை தமிழ்ப் பாட்டு?’ என்று எண்ண வேண்டும், விமர்சகர் ‘எப்படிப் பாடினார்?’ என்று கேட்க வேண்டும். இரண்டும் ஒரே பத்தியில், ஒரே பேனாவில் வரும்போது முதல் கேள்விதான் வெல்லும். எண்ணுவது சுலபம், அதைத் தலைப்பாகவும் போடலாம்.

பாரதி விவகாரம்: நிலை மாறிய கணக்கு

1930களின் நடுவில் பாரதி மகாகவியா என்ற சர்ச்சையில் கல்கி, பாரதி மகாகவிதான் என்று வாதாடிய எழுத்தாளர் வ.ரா.வின் பெரிய உரிமைகோரலை ஏற்கவில்லை. எழுத்தாளர்கள் கு.ப.ரா.வும் சிட்டியும் எழுதிய பதில்கள் ‘கண்ணன் என் கவி’ என்ற நூலாயின. பத்து வருடம் கழித்து எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் கட்ட நிதி கேட்டுத் தன் பத்திரிகையில் எழுதியவர் அதே கல்கி. 1945-இல் அடிக்கல், 1947-இல் திறப்பு. வாசகர்கள் சிறு தொகைகளாக அனுப்பினார்கள். ஒரு வார இதழ் தன் வாசகரை வைத்து என்ன கட்டமுடியும் என்பதற்கு இதைவிட உறுதியான கட்டடம் தமிழில் கிடையாது. முரண்பாடு என்று இதைக் கைகொட்டிச் சிரிப்பவர்கள் உண்டு. கவிஞருக்குத் தர அடைமொழி கொடுப்பதும், கவிஞரின் ஊரில் நினைவிடம் எழுப்புவதும் வேறு வேறு காரியம் என்றே தோன்றுகிறது.

நாவலுக்குள் போன சதிர்மேடை

‘சிவகாமியின் சபதம்’ 1940களின் நடுவில் வந்தது. கதாநாயகி நர்த்தகி, அவள் தந்தை சிற்பி. பரத சாஸ்திர அபிநயம், அடவு, முத்திரை, ஆடுகிறவள் சபையைப் பார்க்கும் பார்வை எல்லாம் சரித்திர நூலில் கிடைப்பவை அல்ல. விகடன் காலத்து நாட்டிய மேடைகளின் முன் வரிசையில் இருந்து பார்த்தவை. விமர்சகராக இருந்தபோது எழுத இடம் போதாமல் போனவை இங்கே நான்கு பாகங்களில் இடம் பிடித்தன.

‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம், 293 அத்தியாயம், சுமார் மூன்றரை வருடம். வாரத்துக்குச் சராசரி ஒன்றரை அத்தியாயத்துக்கும் மேல். கூடவே தலையங்கம், விமர்சனம், கேலிக் கட்டுரை. இந்த வேகத்தில் ஓடிய ஆளின் கச்சேரிக் குறிப்புகள் பிற்காலத்தில் மெலிந்து போனதில் வியப்பில்லை. 1954 டிசம்பர் 5-இல் காலமானார். சாகித்திய அகாடமி விருது 1956-இல் ‘அலை ஓசை’க்குக் கிடைத்தது. 

இந்த எழுத்தைத் தேடிப் படிக்கிறவருக்கு

ஒரே இதழில் நான்கு கட்டுரை ஒருவர் எழுதினால் நான்கிலும் ஒரே பெயர் போடமுடியாது. கல்கி, ரா.கி., கர்நாடகம், தமிழ்த்தேனீ, லாங்கூலன், அகஸ்தியர், எமன், விவசாயி என்று பெயர்கள் பெருகியது அதனால்தான். பெயருக்கு ஒரு குணம், ஒரு துறை. ஆனால் எல்லை எப்போதும் கறாராக இல்லை. இசை பற்றியது எல்லாம் கர்நாடகம் கையெழுத்தில்தான் இருக்கும் என்று தேடினால் தலையங்கத்திலும் பயணக் கட்டுரையிலும் இருக்கும் இசைக் குறிப்புகள் தவறிப்போகும். கையெழுத்தே இல்லாத துணுக்கை நடையை மட்டும் வைத்து இவர் தலையில் கட்டுவது அதைவிட மோசம். விகடனில் தேவன் போன்ற கைதேர்ந்த நகைச்சுவைக்காரர்களும் அதே மேஜையைச் சுற்றி இருந்தார்கள்.

வீடுகளில் கிடைக்கும் பைண்டு பிரதிகளில் மோசம் போகாதவர் குறைவு. வாசகர்கள் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துத் தைத்து வைத்தார்கள். அட்டை போயிற்று, தேதி போயிற்று, அதே தாளின் மறுபக்கத்தில் அரைகுறையாக ஒரு கச்சேரி விமர்சனம் மட்டும் தொங்கும். அதை வைத்துத் தேதி சொல்ல ஒரு வழி உண்டு. அந்தத் தாளில் உள்ள தொடர்கதை அத்தியாயம் எந்த இதழில் வந்தது என்று கண்டுபிடித்தால், விமர்சனத்தின் இதழும் தெரிந்துவிடும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் முழு இதழைப் பார்த்து உறுதி செய்யும்வரை அது யூகமே.

இதழின் தேதியைக் கச்சேரித் தேதியாக எழுதிவிடுவது அடுத்த தவறு. ‘கல்கி’ இதழில் தேதியாக அச்சானது அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை. எழுதி, அச்சுக் கோத்து, படம் செய்து, வெளியூருக்கு ரயிலேற்றவேண்டிய வார இதழில் கச்சேரி அதற்குச் சில நாளாவது முந்தியிருக்கும். டிசம்பர் சீசன் விமர்சனம் ஜனவரி இதழில் இருப்பது சாதாரணம். அதனால் ஆண்டையே ஒன்று கூட்டி எழுதிவிடுகிறார்கள்.

பாட்டுகளுக்கு வேறு சிக்கல். 78 சுற்றுத் தட்டின் லேபிளில் பாடகர், படம், சில சமயம் ராகம், தாளம் இருக்கும். பாட்டாசிரியர் பெயர் பெரும்பாலும் இருக்காது. தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் படத்துக்கு மொத்தமாக ஒரு பெயரைப் போட்டுவிடும் வழக்கமும் உண்டு. பாபநாசம் சிவனும் கல்கியும் ஒரே வட்டத்தில் இருந்ததால் இருவர் பாட்டும் இடம் மாறிப் பதிவாகியிருக்கும். லேபிள், பாட்டுப் புத்தகம், ஆசிரியரின் சொந்தத் தொகுப்பு ஆகிய மூன்றில் இரண்டாவது ஒத்துப்போனால்தான் பெயர் போடவேண்டும். ஒத்துப்போகாத இடத்தில் ‘கல்கி எழுதியதாகச் சொல்லப்படுவது’ என்று விடுவதே சரி.

நூலாக வந்த தொகுப்புகளிலும் கவனம் வேண்டும். வாரப் பத்தியில் அந்த வாரத்துச் சண்டை, அந்த வாரத்து ஆள் பெயர், போட்டிப் பத்திரிகைக்கு ஒரு இடி எல்லாம் இருக்கும். தொகுக்கிறவர் முதலில் வெட்டுவது அவற்றைத்தான். ‘சங்கீத யோகம்’ போன்ற நூலை வைத்து அவருடைய இசைக் கொள்கையைப் பேசலாம். ஒரு குறிப்பிட்ட வித்வானை ஒரு குறிப்பிட்ட மாலையில் எப்படிக் கேட்டார் என்று பேச இதழ்தான் வேண்டும், அதிலும் 1941-க்கு முந்தைய விகடன் இதழ்களைத்தான் முதலில் எடுக்கவேண்டும்.